நான் நடத்தின கண் முகாம்

யாராவது என்ன வேலைன்னு கேட்டா, "ஈ வளக்கறேன்"னு சொல்லி முடிச்சுடுவேன். அதுக்கு மேல விளக்கினா கேக்கறவங்களுக்கும் பொறுமை இருக்காது, எனக்கும் இருக்காது. ஒரகடம் பக்கத்துல ஒரு தனியார் கல்லூரி, அதுல ஆராய்ச்சிக் கட்டடம், முதல் மாடி. கீழ பேட்டரி, மோட்டார்னு கம்பெனிக்காரங்க பணம் கொட்டற லேப். மேல நாங்க. அழுகின வாழைப்பழத்துல மொய்க்குமே பழ ஈ, அதைக் கண்ணாடிக் குழாய்ல போட்டு, பஞ்சால அடைச்சு, சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் காச்சி ஊத்தி வளக்கறோம். கட்டடத்துல எங்களுக்குப் பேரு கொசு டிபார்ட்மெண்ட். கொசு இல்லடா, ஈ-னு ஆரம்பத்துல எல்லார்கிட்டயும் சண்டைக்குப் போனேன். இப்ப விட்டுட்டேன்.

எங்கப்பா மட்டும் "எம் பொண்ணு ஈ டாக்டர்"னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருப்பார். அவர் கம்பெனி பஸ் டிரைவர். ஒரு காண்ட்ராக்டர்கிட்ட வேலை. விடியறதுக்கு முன்னாடி குன்றத்தூர்ல ஆளுங்களை ஏத்த ஆரம்பிச்சு, படப்பை வழியா வந்து, ஒரகடத்துல ஃபேக்டரி கேட்ல ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு இறக்கி விடணும். சாயங்காலம் திரும்ப அதே பொழப்பு. பஸ்ல வர்ற பொண்ணுங்க, டீக்கடைக்காரர், பஞ்சர் ஒட்டறவர், அத்தனை பேருக்கும் என்னைப் பத்தித் தெரியும். பஞ்சர் கடைக்காரர் ஒரு தடவை என்னை நிறுத்தி, தலைவலி வந்தா கண்ணு கூசுது, எதுனா சொட்டு மருந்து இருந்தா குடுங்கன்னு கேட்டார். ஈக்குப் போடற மருந்துதான் இருக்கு, போட்டா றெக்கை மொளைக்கும், பரவாயில்லையான்னு கேட்டேன். அப்பா அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.

அவருக்கு அந்த ஈயை ஒரு தடவை பாத்துடணும்னு ஆசை. ஒரு சனிக்கிழமை நான் டிபன் பாக்ஸை வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன். அதைச் சாக்கா வெச்சு எடுத்துக்கினு வந்துட்டார். எங்க லேபை நடத்தற மேடம் அன்னிக்கு ஊர்ல இல்லை. சரி வாங்கன்னு இருட்டு ரூமுக்குக் கூட்டிக்கினு போனேன்.

எங்க வேலையில முக்கால்வாசி அந்த ரூம்லதான். ஈயைப் பல மணி நேரம் இருட்டுல வெச்சிருந்து, அதுக்கப்புறம் கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் அடிச்சு, என்ன ஆவுதுன்னு பாக்கணும். அதனால கதவுக்கு ரெண்டு அடுக்குக் கருப்புத் துணி, உள்ள ஒரு மங்கலான சிவப்பு பல்பு. சிவப்பு ஈக்குத் தெரியாது. நமக்கும் உள்ள போனதும் ஒண்ணும் தெரியாது. அதனால யார் வந்தாலும் கதவுகிட்ட இருக்கற ஸ்டூல்ல உக்காந்து சும்மா இருக்கணும். கொஞ்ச நேரத்துல மேஜை ஓரம் தெரியும், அப்புறம் மைக்ராஸ்கோப்பு, அப்புறம் பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சி. கண்ணு வந்துடுச்சான்னு கேட்டுட்டுத்தான் வேலையை ஆரம்பிப்போம்.

அப்பா உக்காந்தார். காத்துக்கினு இருக்கற நேரத்துல என் வேலையை அவருக்குச் சொன்னேன்.

"ஈயோட கண்ணுல வெளிச்சம் பட்டா உள்ள கதவு மாதிரி ஒண்ணு தொறக்கும்பா. கால்சியம் உள்ள பாயும்."

"கால்சியம்னா? எலும்புல கீதே, அதுவா?"

"அதேதான். அது வந்தா, அந்த செல்லோட நுனியில குட்டிக் குட்டிப் பையெல்லாம் வெடிக்கும். உள்ள இருக்கற ரசாயனம் அடுத்த செல்லு மேல போய்ப் படும். நமக்கு அலர்ஜி வந்தா அரிக்க வெக்குமே, அதே சாமான்தான். அது போய்ப் பட்டாத்தான் ஈக்கு, ஓஹோ வெளிச்சம்னு தெரியும்."

"பை வெடிக்கலன்னா?"

"கண்ணு பாத்துடும். ஈக்குச் சேதி போவாது. நான் வெச்சிருக்கற ஒரு வகை ஈ அப்படித்தான். கால்சியம் நுனி வரைக்கும் வருது, பை வெடிக்க மாட்டேங்குது. ஏன்னு கண்டுபிடிக்கறதுதான் என் வேலை."

"எங்க சூப்பர்வைசர் மாதிரின்னு சொல்லு. எல்லாத்தையும் பாப்பான், ஒண்ணும் வாயத் தொறக்க மாட்டான்."

சிரிச்சேன். அதுக்குள்ள எனக்குக் கண்ணு வந்துடுச்சு. அவரோட நரைச்ச மீசை, சட்டைப் பாக்கெட்ல இருக்கற பேனா எல்லாம் தெரிஞ்சுது. ஒரு குழாயை எடுத்து அவர் பக்கம் நீட்டி, பாருங்கப்பான்னேன். அப்பா சுவத்தைப் பாத்துக்கினு, "சூப்பரா கீதும்மா. இன்னா குட்டியா கீது பாரேன்"ன்னார். குழாய் அவர் இடது காதுக்குப் பக்கத்துல இருந்துது.

இன்னும் கண்ணு வரலைபோலன்னு நினைச்சு இன்னொரு தடவை காத்திருந்தேன். மேடம் மாதிரி வயசானவங்களுக்கே அதுக்குள்ள வந்துடும். குழாயை மெதுவா அவர் முகத்துக்கு நேரா கொண்டு வந்தேன். அவர் அப்பவும் சுவத்தைப் பாத்துச் சிரிச்சுக்கினே இருந்தார். சட்டுனு எழுந்து வெள்ளை லைட்டைப் போட்டுட்டேன். காலையில இருந்து இருட்டுல வெச்சிருந்த ஈ அத்தனையும் வீணாப் போச்சு.

"போதும்பா, சாப்பிடலாம் வாங்க"ன்னேன். வெளிய வந்ததும் வராண்டாவுல இருந்த நோட்டீஸ் போர்டைத் தூரத்துல இருந்தே கடகடன்னு படிச்சார். வெளிச்சத்துல அவருக்கு ஒரு குறையும் இல்லை.

இப்படி இருட்டுல மட்டும் பார்வை போற நோய் எனக்குப் புதுசு இல்லை. மனுஷக் கண்ணுல மங்கின வெளிச்சத்துக்குன்னே தனி செல்லுங்க இருக்கு. சில பேருக்குப் பிறவியிலேயே மரபணுவுல கோளாறு இருந்து, அந்தச் செல்லுங்க ஒண்ணொண்ணா சாகும். இருட்டுல பார்வை போகும், ஓரப் பார்வை போகும். நடுப்பார்வை மட்டும் கடைசி வரைக்கும் நிக்கும். அதனால எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னா கடைசி வரி வரைக்கும் படிச்சுடுவாங்க, லைசென்ஸ் புதுப்பிக்கப் போனா யாருக்கும் சந்தேகம் வராது. எங்க ஈயிலயும் ஒரு வகை உண்டு. கதவு மூடாம மாட்டிக்கினு, கால்சியம் ரொம்பி ரொம்பி கண்ணு செல்லே செத்துடும். செத்த கண்ணை வெட்டிப் படம் புடிச்சு, "மேடம், அழகா வந்திருக்கு"ன்னு நான்தான் காட்டுவேன். அந்த வார்த்தையை நினைச்சா இப்ப எனக்குக் கூசுது.

அம்மாகிட்ட கேட்டேன். கரண்ட் போனா அவர் என் தோளைப் புடிச்சுக்கினுதான் நடப்பாரு, ரொம்ப நாளா அப்படித்தான், வயசாச்சு இல்லன்னாங்க. நான் முழுசாச் சொன்னதும் அடுப்பை அணைச்சுட்டு, கதவைச் சாத்திட்டு வந்தாங்க. "வெளிய மூச்சு விடாத. வண்டியைப் புடுங்கிட்டாங்கன்னா அந்த மனுஷன் உக்காந்த எடத்துலயே செத்துடுவாரு. வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கறேன். அவன் பாத்துப்பான்." முருகன் பாத்துப்பான், அப்பா பாக்க மாட்டாரேன்னு வாய் வரைக்கும் வந்துது. சொல்லலை. எனக்குக் கோவம் வந்தா வார்த்தை நல்லா வரும். பயம் வந்தா ஒண்ணு கூட வராது.

அவருக்கு நேராவே சொல்லியிருக்கணும். எத்தனை தடவை அவர் எதிர்ல போய் உக்காந்திருக்கேன். அவர் பஸ் கதையைச் சொல்லுவார், நான் கேட்டுட்டு எழுந்து வந்துடுவேன். லேப்ல போய் உக்காந்தா ஸ்க்ரீன்ல என் ஈ. கால்சியம் வந்தா மினுக்கற மாதிரி ஒரு சாயம் சேத்திருப்போம். லைட் அடிச்சதும் செல்லோட நுனி பளிச்சுன்னு மினுக்கும், அதோட சரி, அடுத்த செல்லுக்கு ஒண்ணும் போவாது. நல்ல ரிசல்ட்டுன்னு மேடம் சந்தோஷப்பட்டாங்க. நான் பாத்ரூம்ல போய் அழுதேன்.

ஒரு நாள், லேபுக்குச் சீக்கிரம் போணும்னு பொய் சொல்லி அவர் பஸ்லயே ஏறினேன். குன்றத்தூர்ல கிளம்பும்போது நல்ல இருட்டு. அப்பாவுக்கு ஒரே குஷி. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல முன் சீட்ல தென்காசிப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, போன் தயாரிக்கற கம்பெனியில லைன்ல வேலை, படப்பையில ரூம் எடுத்துத் தங்கியிருந்தவ, அன்னிக்குச் சொந்தக்காரங்க வீட்ல இருந்து ஏறியிருந்தா. அவளுக்கு அதுதான் எப்பவும் சீட்டாம். அப்பா ஒதுக்கி வெச்சிருக்கார்.

கொஞ்ச தூரத்துலயே எனக்கு விளங்கிடுச்சு. எங்களுக்கு முன்னாடி இன்னொரு கம்பெனி பஸ் போச்சு. அப்பா அதோட பின்னாடி சிவப்பு லைட்டை மட்டும் பாத்துக்கினு, அது திரும்பினா திரும்பி, அது நின்னா நின்னு, ஒட்டிக்கினே போனார். அது ஒரு சந்துல ஒதுங்கினதும் வேகத்தைக் குறைச்சார். "தங்கச்சி, அந்தப் பக்கம் இன்னா கீது பாரு"ன்னார், சாதாரணமா, பொழுது போகக் கேக்கற மாதிரி.

"மாடு நிக்கி அண்ணாச்சி. ஓரமாத்தான் நிக்கி. நீங்க போங்க."

"இந்தப் பக்கம்?"

"ஒரு ஷேர் ஆட்டோ. ஏத்திக்கிட்டு நிக்கான்."

தினமும் படப்பையில அவ ஏறினதுல இருந்து இப்படித்தானாம். அவளுக்கு அது விளையாட்டு. எங்க ஊர் அண்ணாச்சி மாதிரி நல்லாப் பேசுவாங்கன்னு எங்கிட்ட சொன்னா. பஸ்ல மத்தவங்க எல்லாம் ஜன்னல்ல தலையைச் சாச்சுத் தூங்கிக்கினு இருந்தாங்க. படப்பை நெருங்கும்போது அவளும் தூங்கிட்டா. முந்தின நாள் ஓவர்டைம் பாத்திருக்கா, பாவம். அப்ப லைட் இல்லாத சைக்கிள்ல ஒரு ஆள், இடது ஓரத்துல. எனக்கு நல்லாத் தெரியுது. அப்பா ஸ்டியரிங்கை இடது பக்கம்தான் ஒடிச்சுக்கினு இருந்தார்.

"அப்பா, சைக்கிள்"னு கத்தினேன். பிரேக்ல தூங்கினவங்க எல்லாம் முன் சீட்ல முட்டிக்கினாங்க. சைக்கிள்காரன் வண்டியோட மண்ணுல சரிஞ்சு, எழுந்து, ஒரு கெட்ட வார்த்தை சொல்லிட்டுப் போனான். அப்பாவும் பதிலுக்குத் திட்டினார். "லைட் இல்லாம வரானுங்க பாரு. சாவறதுக்குன்னே வரானுங்க." ஒரகடத்துல இறங்கும்போது, எப்பவும் சொல்ற மாதிரி, சாப்பிட்டுடும்மான்னார். அவர் கண்ணைப் பாக்க என்னால முடியலை.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஆனா எப்படிப் பண்ணேன்னு கேளுங்க, அங்கதான் என் லட்சணம் இருக்கு. நேரா அவர்கிட்ட சொல்ல தைரியம் இல்லை. காண்ட்ராக்டர்கிட்ட போய்க் காட்டிக் குடுக்கவும் மனசு வரலை. அதனால படிச்ச புத்தியைக் காட்டினேன். எங்க கல்லூரி சார்பா டிரைவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம்னு மேடம்கிட்ட ஒரு யோசனை சொன்னேன். நல்ல விஷயமாச்சேன்னு உடனே சம்மதிச்சாங்க. காண்ட்ராக்டருக்கும் சந்தோஷம், இலவசம் இல்லையா. எல்லாரையும் பாக்கறப்போ அப்பாவையும் பாப்பாங்க, யார் சொன்னதுன்னு யாருக்கும் தெரியாது. அதுதான் கணக்கு. கண் டாக்டரைத் தனியாப் பாத்து, எழுத்துப் பலகையோட விட்டுடாதீங்க, ஓரப் பார்வையும் பாருங்க, எங்கப்பாவை முக்கியமாப் பாருங்கன்னு சொல்லி வெச்சேன்.

அப்பா என்ன பண்ணார் தெரியுமா? எல்லா டிரைவருக்கும் அவரே போன் போட்டார். "எம் பொண்ணு நடத்துது, வராம இருந்துடாதீங்கப்பா." பேனர் கட்ட ஏணியில அவரே ஏறினார். அன்னிக்கு இஸ்திரி போட்ட சட்டை, நெத்தியில விபூதி, வரிசையில முதல் ஆளு. தயங்கினவங்களை எல்லாம், "இன்னாத்துக்குப் பயம், நான் போறேன் பாரு, என் பின்னாடி வா"ன்னு இழுத்து நிக்க வெச்சார்.

எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டு என்னைப் பாத்து கண்ணடிச்சார். அப்புறம் டாக்டர் எதிர்ல உக்காந்து, என் மூக்கையே பாருங்க, பக்கத்துல இருந்து விரல் வரும், தெரிஞ்சதும் சொல்லுங்கன்னார். விரல் காதுகிட்ட இருந்து கிளம்புச்சு. அப்பா சொல்லலை. கன்னத்தைத் தாண்டுச்சு. சொல்லலை. பின்னாடி வரிசையில நின்னவங்க, விளையாடறார்னு நினைச்சு, "யோவ், தூங்கிட்டியா"ன்னு சிரிச்சாங்க. விரல் கிட்டத்தட்ட மூக்குக்கு நேரா வந்தப்புறம்தான் அப்பா, "ஆங், வந்துடுச்சு சார்"ன்னார். டாக்டர் அடுத்த பக்கம் பண்ணார். மேல இருந்து, கீழ இருந்து பண்ணார். சிரிப்பு நின்னுடுச்சு. அப்பா திரும்பி அவங்க எல்லாரையும் பாத்தார், அப்புறம் என்னைத் தேடினார். நான் பேனருக்குப் பின்னாடி போய் நின்னுக்கினேன்.

காண்ட்ராக்டர் மரியாதையாத்தான் பேசினார். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே, அப்புறம் பகல்ல ஷெட்ல எதுனா வேலை பாக்கலாம்னார். சாவியை வாங்கிக்கினார். அந்த வாரம் பூரா விடியறதுக்கு முன்னாடி எழுந்து, குளிச்சு, காக்கிச் சட்டையைப் போட்டுக்கினு கட்டில்ல உக்காந்திருந்தார். அம்மா என்கூடப் பேசறதை நிறுத்திட்டாங்க. தென்காசிப் பொண்ணை ஒரு நாள் படப்பையில ஷேர் ஆட்டோவுல பாத்தேன். "அண்ணாச்சிக்கு என்னாச்சுக்கா? புது டிரைவர் வாயே தொறக்க மாட்டுக்காரு. நான் யாருகிட்ட மாடு நிக்கின்னு சொல்ல?"ன்னு சிரிச்சா. உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு, வழியிலயே இறங்கி நடந்தேன்.

சென்னையில கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கினு போனேன். அங்க இருட்டு ரூம்ல அவர் கண்ணுல கம்பி வெச்சு வெளிச்சம் அடிச்சாங்க. நான் ஈக்குப் பண்ற அதே டெஸ்ட். மனுஷக் கண்ணு ஈக்குத் தலைகீழ், இருட்டுல பேசிக்கினே இருக்கும், வெளிச்சம் பட்டா வாயை மூடும். ஆனா ஸ்க்ரீன்ல அலை வரணும்ங்கறது ரெண்டுக்கும் பொது. டெக்னீஷியன் ஸ்க்ரீனைத் திருப்பறதுக்குள்ள நான் எட்டிப் பாத்துட்டேன். ரூல் தடி வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருந்துது. என் கோளாறு ஈயே தேவலை, அதுலயாவது ஒரு மேடு வரும். டாக்டர் இது பரம்பரையா வர்றது, குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கான்னு கேட்டார். தெரியலைன்னேன்.

வீட்டுக்கு வந்தும் அப்பா ரெண்டு நாள் யோசனையாவே இருந்தார். சோறு தட்டுல அப்படியே இருக்கும். என் மேல கோவம்னு நினைச்சேன். கோவப்பட்டுட்டா தேவலைன்னு கூட இருந்துது. அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் எதிர்ல உக்காந்து, எல்லாத்தையும் சொல்லிடறதுன்னு வாயைத் தொறந்தேன்.

"அப்பா, முகாமே உங்களுக்காகத்தான் வெச்சேன். டாக்டர்கிட்ட நான்தான் சொல்லி வெச்சேன். உங்க வேலை போனது என்னாலதான்."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதை வுடும்மா. எனக்கே உள்ளுக்குள்ள தெரியும், இன்னும் கொஞ்ச நாளு, இன்னும் கொஞ்ச நாளுன்னு ஓட்டிக்கினு இருந்தேன். அந்த சைக்கிள்காரன் தெனம் கனவுல வரான். நான் அதை யோசிக்கல." குரல் உடைஞ்சு போச்சு. "பரம்பரையா வர்றதுன்னாரே அந்த டாக்டர். அப்ப நான் உனக்குக் குடுத்துட்டேனாம்மா? ஒரு சொத்தா, ஒரு நகையா, போயும் போயும் இதையா உனக்குக் குடுப்பேன்? என்னை மன்னிச்சுடும்மா."

மன்னிப்பு கேக்கணும்னு வந்தவ நான். அப்பா கண்ணைத் துடைச்சுட்டு, "நீ டெஸ்ட் எடுத்துக்கினியா?"ன்னு கேட்டார்.

"எடுத்துட்டேம்பா. அன்னிக்கே அங்கயே எடுத்துட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்பா பெரிசா ஒரு மூச்சு விட்டார். தட்டை இழுத்துக்கினார். அம்மாவைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தச் சொன்னார். முகாமுக்கு அப்புறம் அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்னிக்குத்தான்.

நான் டெஸ்ட் எடுத்துக்கலை. இன்னிக்கு வரைக்கும் எடுத்துக்கலை.